முள் காட்டுவது ஒன்று, உள்ளே நடப்பது ஒன்று

வாசகர் கேள்வி பதில்
பதில் சொல்பவர்: அனல் மின்நிலையத்தில் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பொறியாளர்

சென்ற இதழில் ஃபீட்பேக் பற்றி எழுதியிருந்தேன். ஒரு வேலையின் விளைவை அளந்து, அந்த அளவை வைத்தே வேலையைக் கூட்டிக் குறைப்பதுதான் ஃபீட்பேக். பாய்லரில் ஆரம்பித்து சந்தை விலை வரை எல்லாம் இதில்தான் ஓடுகிறது என்று சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி பாராட்டு. அதை வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடியாது. மீதியில் கேள்விகள் இருந்தன. சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: நெகட்டிவ் ஃபீட்பேக் அமைப்பை நிலையாக வைக்கும், பாசிட்டிவ் ஃபீட்பேக் அதைக் கட்டுக்கடங்காமல் ஓடவிடும் என்று எங்கள் கன்ட்ரோல் சிஸ்டம் பாடத்தில் இருக்கிறது. அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் நெகட்டிவ் ஃபீட்பேக் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா சார்?
– இன்ஜினீயரிங் மாணவர், விருதுநகர்

பதில்: தேர்வில் அப்படியே எழுதுங்கள் தம்பி, மார்க் போடுவார்கள். பிளான்டில் அது போதாது.

ஜேம்ஸ் வாட் 1788-ல் நீராவி எஞ்சினுக்கு ஒரு கவர்னர் பொருத்தினார். சுழலும் தண்டில் இரண்டு இரும்புக் குண்டுகள். வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து எழும், அதோடு இணைந்த கம்பி நீராவி வால்வை மூடும். வேகம் குறைந்தால் குண்டுகள் தாழும், வால்வு திறக்கும். விளைவு கூடினால் வேலையைக் குறைப்பது, உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கும் அதே நெகட்டிவ் ஃபீட்பேக். ஆனால் நிறைய எஞ்சின்களில் வேகம் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். இதை இன்றைக்கும் ‘ஹண்டிங்’ என்றுதான் சொல்கிறோம். மின்காந்தத்துக்குச் சமன்பாடு எழுதிய அதே மேக்ஸ்வெல், 1868-ல் கவர்னர்களைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதி, எந்த நிலையில் இந்த ஆட்டம் அடங்கும், எந்த நிலையில் வளர்ந்துகொண்டே போகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். திருத்தம் சரியான திசையில்தான் இருக்கும். ஆனால் அது வந்து சேர்வதற்குள் வேகம் வேறு எங்கேயோ போயிருக்கும்.

இது தாமதத்தால் வரும் கோளாறு. இதைவிட மோசமானது ஒன்று உண்டு, அளவு காட்டும் முள் முதலில் எதிர்ப்பக்கம் போவது.

நான் வேலை பார்த்தது 210 மெகாவாட் யூனிட்களில். ஒரு பாய்லர், ஒரு டர்பைன், ஒரு ஜெனரேட்டர் சேர்ந்தது ஒரு யூனிட். பாய்லரின் உச்சியில், தரையிலிருந்து சுமார் 50 மீட்டர் உயரத்தில், டிரம் என்று ஒரு பெரிய உருளை இருக்கும். பாதி தண்ணீர், பாதி நீராவி. அந்தத் தண்ணீர் மட்டத்தைப் பிடித்து வைப்பதுதான் கண்ட்ரோல் ரூமில் உயிர் போகிற வேலை. மட்டம் இறங்கினால் பாய்லர் குழாய்கள் வெந்துவிடும். ஏறினால் நீராவியோடு தண்ணீர் போய் டர்பைனைக் கெடுக்கும். முழு லோடில் ஃபீட் வாட்டர், அதாவது பாய்லருக்குள் போகும் தண்ணீர், நின்றுபோனால் யூனிட் டிரிப் ஆகி நிற்க நொடிக்கணக்குதான்.

இப்போது லோடு, அதாவது மின்சாரத் தேவை, திடீரென்று கூடுகிறது என்று வையுங்கள். டர்பைன் வால்வு திறக்கிறது, நீராவி அதிகமாக வெளியேறுகிறது. டிரம்மில் தண்ணீர் மட்டம் என்ன ஆகும்? குறையும் என்றுதானே சொல்வீர்கள்? ஏறும். நீராவி வேகமாக வெளியேறினால் டிரம்மில் அழுத்தம் இறங்கும். அழுத்தம் இறங்கினால் கொதித்துக்கொண்டிருக்கும் தண்ணீருக்குள் இருக்கும் குமிழ்கள் பெரிதாகும், புதுக் குமிழ்களும் கிளம்பும். அடுப்பில் பால் பொங்கும்போது பாத்திரத்தில் பால் கூடிவிட்டதா என்ன? அதே கதைதான். இதை ‘ஸ்வெல்’ என்போம். மட்டத்தை மட்டும் பார்த்து வேலை செய்யும் கன்ட்ரோலர் என்ன செய்யும்? “லெவல் ஏறுகிறது, தண்ணீரைக் குறை” என்று ஃபீட் வாட்டர் வால்வை மூடும். தண்ணீர் அதிகம் தேவைப்படுகிற நேரத்தில் குறைக்கிறது! கொஞ்ச நேரத்தில் குமிழ்கள் அடங்கும்போது மட்டம் கிணற்றில் கல் விழுந்த மாதிரி இறங்கும். பதறிப்போய்த் தண்ணீரைத் திறந்தால், சூடு குறைந்த தண்ணீர் உள்ளே போய்க் குமிழ்களைச் சுருக்கும், மட்டம் இன்னும் இறங்குவது போலக் காட்டும். அதன் பெயர் ‘ஷ்ரிங்க்’.

இங்கே கன்ட்ரோலர் பழுதாகவில்லை, மட்டத்தை அளந்து சொல்லும் டிரான்ஸ்மிட்டரும் பழுதாகவில்லை. இரண்டும் சொன்ன வேலையைச் செய்தன. முள் காட்டுவது மட்டத்தை, நமக்குத் தெரிய வேண்டியது டிரம்மில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை. பெரும்பாலான நேரம் இரண்டும் ஒன்றாகவே போகும். அவை பிரியும் அந்த ஒரு நிமிடத்தில்தான் யூனிட் விழும்.

அதனால்தான் ‘த்ரீ எலிமென்ட் கன்ட்ரோல்’ என்று வைத்தார்கள். மட்டத்தோடு, வெளியே போகும் நீராவி எவ்வளவு, உள்ளே வரும் தண்ணீர் எவ்வளவு என்ற இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்ப்பது. போவதும் வருவதும் சமமா என்று முதலில் பார்த்துவிட்டு, மட்டத்தை வைத்து மெதுவாகத் திருத்துவது. யூனிட்டைக் கிளப்பும்போது ஓட்டம் மிகக் குறைவாக இருப்பதால் அந்த இரண்டு கணக்கையும் நம்ப முடியாது. அப்போது மறுபடி மட்டம் ஒன்றுதான். ஸ்டார்ட் அப் நேரத்தில் டெஸ்க்கில் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டரிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

கூடினால் இன்னும் கூட்டிவிடும் பாசிட்டிவ் ஃபீட்பேக் எல்லாம் கெட்டது என்பதும் சரியில்லை. அடிபட்ட இடத்தில் ரத்தம் உறைவதும் பிரசவ வலி கூடிக்கொண்டே போவதும் அந்த வகைதான். ஓரிடத்தில் முடிந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: எங்கள் தெருவிளக்கு எரியவில்லை என்று புகார் கொடுத்தேன். மறுநாளே ‘தங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று போனில் மெசேஜ். விளக்கு இன்றுவரை எரியவில்லை. இவ்வளவு தொழில்நுட்பம் இருந்தும் ஏன் இப்படி?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: உங்கள் மெசேஜ் பொய் சொல்லவில்லை ஐயா. ‘புகார் தீர்க்கப்பட்டது’ என்ற கட்டத்தில் யாரோ டிக் போட்டார்கள் என்ற உண்மையைத்தான் அது சொல்கிறது. விளக்கைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் 1979 மார்ச் 28 அதிகாலை நான்கு மணிக்கு நடந்ததை எங்கள் துறையில் எல்லோரும் படித்திருப்போம். அழுத்தம் கூடியதால் ஒரு ரிலீஃப் வால்வு தானாகத் திறந்தது. அழுத்தம் இறங்கியதும் மூடிக்கொள்ளச் சொல்லி அதற்கு மின் சிக்னல் போனது. பேனலில் விளக்கு அணைந்தது. வால்வு மூடிவிட்டது என்று ஆபரேட்டர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் வால்வு திறந்தபடியே சிக்கியிருந்தது. அந்த விளக்கு இணைக்கப்பட்டிருந்தது வால்வோடு அல்ல, வால்வுக்குப் போகும் உத்தரவோடு. உத்தரவு போய்விட்டது என்பதை அது சரியாகவே காட்டியது.

அணுஉலையைக் குளிர்விக்கும் தண்ணீர் அந்த வால்வு வழியாக இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வெளியேறியது. இதில் இன்னொரு கொடுமை. விருதுநகர் தம்பிக்குச் சொன்னேனே, அதே ஏமாற்று வேலை அங்கேயும் நடந்தது. பிரஷரைசர் என்ற கலத்தில் தண்ணீர் மட்டம் ஏறிக்கொண்டே போனது. தண்ணீர் அளவுக்கு மீறி இருக்கிறது என்று நினைத்து, தானாக ஓடத் தொடங்கியிருந்த அவசரக்காலத் தண்ணீரை ஆபரேட்டர்கள் கையால் குறைத்தார்கள். கீழே உலையின் மையம் காய்ந்துகொண்டிருந்தது, அதில் பாதி உருகியே போனது. வால்வுக்கு அடுத்த குழாயில் சூடு அதிகமாக இருந்ததும் முள்ளில் தெரிந்தது. ஆனால் அந்த வால்வு ஏற்கெனவே கொஞ்சம் கசியும் வால்வு, அதனால் அந்தச் சூட்டுக்கு அவர்களிடம் ஒரு விளக்கம் தயாராக இருந்தது. கடைசியில் புதிதாக ஷிஃப்டுக்கு வந்த ஒருவர்தான் சந்தேகப்பட்டுப் பக்கத்து வால்வை மூடச் சொன்னார். இரவு முழுக்க அந்த முட்களோடு உட்காராத கண்.

எங்கள் முக்கியமான வால்வுகளில் லிமிட் ஸ்விட்ச் இருக்கும். தண்டு கடைசிவரை நகர்ந்து போய் அந்த ஸ்விட்சை முட்டினால்தான் ‘குளோஸ்’ விளக்கு எரியும். உங்கள் தெருவிளக்குக்கு லிமிட் ஸ்விட்ச் நீங்கள்தான். புகாரை மூடும் பட்டன் அலுவலகத்தில் இருக்கக் கூடாது, புகார் கொடுத்தவர் போனில் இருக்க வேண்டும். ‘விளக்கு எரிகிறதா? ஆம், இல்லை’ என்று கேட்டு, ஆம் என்று பதில் வந்தால்தான் மூட வேண்டும். செலவு அதிகம் ஆகாது. செய்தால் மூடாத புகார்களின் எண்ணிக்கை ஏறும், அதற்குத்தான் யாருக்கும் மனம் வருவதில்லை.

எண்ணிக்கைக்குச் சன்மானம் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வியட்நாமின் ஹனாயில் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1902-ல் பிரெஞ்சு அரசு எலியை ஒழிக்க, வால் ஒன்றுக்கு இவ்வளவு காசு என்று அறிவித்தது. வால்கள் வந்து குவிந்தன. அப்புறம் பார்த்தால் தெருவில் வாலில்லாத எலிகள் ஓடுகின்றன. வாலை நறுக்கிக்கொண்டு எலியை விட்டுவிட்டார்கள், அது குட்டி போட வேண்டுமே! ஊருக்கு வெளியே சிலர் எலிப் பண்ணையே வைத்துவிட்டார்கள். வசூலான வால் கணக்கை மட்டும் பார்த்த அதிகாரிக்குத் திட்டம் அமோக வெற்றி.

கேள்வி: மூன்று ஏக்கரில் தக்காளி போடுகிறேன். விலை இருக்கும்போது என்னிடம் காய் இல்லை, காய் இருக்கும்போது விலை இல்லை. பல வருஷமாக இதே கதை. ‘சந்தை தானே சரி செய்துகொள்ளும்’ என்று எழுதியிருந்தீர்களே, எப்போது?
– விவசாயி, பாலக்கோடு

பதில்: சரி செய்துகொள்ளும் என்று எழுதினேன். எந்தப் பக்கமாக, யார் தலையில் என்று எழுதவில்லை.

நாற்று விட்ட நாளிலிருந்து முதல் பறிப்புக்குக் கிட்டத்தட்ட மூன்று மாதம் ஆகும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். ஆகவே இன்றைய மண்டி விலை, மூன்று மாதத்துக்கு முன் எல்லோரும் எடுத்த முடிவின் செய்தி. அதைப் பார்த்து நீங்கள் எடுக்கும் முடிவு மூன்று மாதம் கழித்துத்தான் மண்டிக்கு வரும். நீங்கள் மட்டும் இல்லை, ராயக்கோட்டைக்காரரும் மதனப்பள்ளிக்காரரும் கோலாரில் இருப்பவரும் அதே விலையைப் பார்த்து, அதே வாரத்தில் நாற்று வாங்குகிறார்கள். திருத்தம் சரியான திசைதான், விலை ஏறினால் சாகுபடி கூட வேண்டும். ஆனால் ஒரே செய்தியைப் பார்த்து எல்லோரும் ஒன்றாக, தாமதமாக, தேவைக்கு மேல் திருத்துகிறார்கள். வாட் எஞ்சினின் ஹண்டிங்தான் இது.

2023 ஜூலை நினைவிருக்கும். கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சென்னையில் ரேஷன் கடைகளில் அரசு 60 ரூபாய்க்கு விற்றது. தொலைக்காட்சியில் தக்காளி விற்றுக் கோடீஸ்வரரான விவசாயிகளைக் காட்டினார்கள். என் கணிப்பில் அந்தச் செய்திகள் செய்த கேடு மழை செய்த கேட்டைவிட அதிகம். செப்டம்பரில் பல மாநில மண்டிகளில் விலை ஒற்றை இலக்கத்துக்கு வந்து, காயைச் சாலையோரம் கொட்டினார்கள்.

இது நம் ஊர் சாபம் ஒன்றும் இல்லை. 1928-ல் ஜெர்மனியில் ஆர்தர் ஹனாவ் என்பவர் பன்றி விலையும் வரத்தும் இதே மாதிரி மாறி மாறி ஏறி இறங்குவதைக் கணக்கெடுத்துக் காட்டினார். அங்கே பன்றிக்குட்டி வளரும் காலம், இங்கே நாற்று காய்க்கும் காலம். தாமதம் நீளமானால் ஆட்டத்தின் சுற்றும் நீளும்.

என்ன செய்யலாம்? என் யோசனையை ஓர் இன்ஸ்ட்ருமென்ட்காரனின் யோசனையாக எடுத்துக்கொள்ளுங்கள், நான் ஒரு செடி தக்காளிகூட வளர்த்ததில்லை. அளக்கும் இடத்தை மாற்றுங்கள். மண்டி விலை சுற்றின் வால்பக்கம் இருக்கிறது. அதன் தலைப்பக்கம் இருப்பது நாற்றுப்பண்ணை. உங்கள் பக்கத்தில் குழித்தட்டு நாற்று விற்பவரிடம், இந்த மாதம் தக்காளி நாற்றுக்கு முன்பதிவு போன வருஷத்தைவிடக் கூடவா குறைவா என்று கேளுங்கள். அவருக்கு மூன்று மாதத்துக்குப் பிறகு வரப்போகும் மண்டி இன்றே தெரியும், அவரிடம் யாரும் கேட்பதில்லை. நாற்றுக்கு அவரிடம் வரிசை நின்றால் நீங்கள் ஒரு ஏக்கரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தால் மூன்றிலும் போடுங்கள்.

கோயம்புத்தூரில் வேளாண் பல்கலைக்கழகம் விதைப்புக்கு முன்பே விலைக் கணிப்பு வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘விலை நன்றாக இருக்கும்’ என்று கணிப்பு வந்து எல்லோரும் அதை நம்பிப் போட்டால், அந்த நம்பிக்கையே கணிப்பைப் பொய்யாக்கிவிடும். பாதிப் பேர் நம்பாமல் இருப்பதால்தான் அது பலிக்கிறது என்று நினைக்கிறேன். நம்பாத ஆட்கள் நம் ஊரில் எப்போதும் தாராளமாக இருப்பார்கள்.

கேள்வி: கோயில் விழாவில் பேச்சாளர் மைக்கைக் கையில் எடுத்ததும் ‘கூ’ என்று ஊளையிடுகிறதே, ஏன்?
– வாசகி, மன்னார்குடி

பதில்: மைக்கில் போன சத்தம் ஸ்பீக்கரில் பெரிதாகி வந்து, மறுபடி மைக்கில் நுழைகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பெரிதாகி, ஆம்ப்ளிஃபயர் தாங்கும் எல்லையில் போய் நிற்கிறது. அதுதான் அந்த ஊளை. கலப்பில்லாத பாசிட்டிவ் ஃபீட்பேக். மைக் செட் பையன் உடனே வால்யூமைக் குறைப்பான், பேச்சாளர் இன்னும் கத்துவார். ஸ்பீக்கர் பாக்ஸ் மைக்குக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து இருக்க வேண்டும். மேடைக்குப் பின்னால் வைத்து மைக்கை நோக்கித் திருப்பினால் எந்தக் கருவியாலும் காப்பாற்ற முடியாது. பேச்சாளர் மைக்கை வாய்க்கு அருகில் பிடிப்பதும் உதவும். சில பேச்சுகளுக்கு ஊளையே மேல், அது வேறு விஷயம்.

கேள்வி: மின்சாரத்தைப் பெரிய அளவில் சேமித்து வைப்பது கஷ்டம், தேவைக்கேற்ப அந்த நொடியில் தயாரிக்கிறார்கள் என்கிறீர்கள். நான் வீட்டில் கிரைண்டர் போடுவது எங்கோ இருக்கும் மின்நிலையத்துக்கு எப்படித் தெரிகிறது? யாராவது போன் செய்வார்களா?
– வாசகி, காரைக்குடி

பதில்: போனும் உண்டு அம்மா. யார் எவ்வளவு உற்பத்தி செய்வது என்று கவனிக்கும் லோடு டெஸ்பாட்ச் சென்டரிலிருந்து “இவ்வளவு ஏற்றுங்கள், இவ்வளவு இறக்குங்கள்” என்று அழைத்துக்கொண்டே இருப்பார்கள். ஆனால் உங்கள் கிரைண்டர் அதற்கு முன்பே வந்து சொல்லிவிடும். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று, அதாவது 50 ஹெர்ட்ஸ். இதைத்தான் ஃப்ரீக்வென்சி என்கிறோம். இதற்கு அனல் மின்நிலைய டர்பைன் நிமிடத்துக்கு 3,000 முறை சுற்ற வேண்டும். கிரிட்டில், அதாவது நாடு தழுவிய மின்கம்பி வலையில், இணைந்த எல்லா இயந்திரங்களும் கைகோத்தபடி ஒரே தாளத்தில் சுற்றுகின்றன. தேவை கூடினால் அத்தனையும் சேர்ந்து இம்மியளவு மெதுவாகும். ஃப்ரீக்வென்சி முள் 50-லிருந்து 49.9-க்கு நகரும். கன்னியாகுமரியில் இருப்பவருக்கும் காஷ்மீரில் இருப்பவருக்கும் ஒரே முள். செலவில்லாமல் இப்படி ஒரு செய்தி எல்லோருக்கும் போய்ச்சேரும் ஏற்பாடு வேறு எதிலும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

செய்தி போய்ச்சேர்ந்தால் போதுமா? தொண்ணூறுகளில் எங்கள் கண்ட்ரோல் ரூம் சுவரில் அந்த முள்ளைத் தினமும் பார்த்தோம். தென்மண்டலத்தில் மாலை நேரத்தில் 48.5-க்கும் கீழே கிடக்கும். நடு இரவில் ஊர் தூங்கிய பிறகு தேவைக்கு மேல் உற்பத்தி ஓடும், முள் மேலே போய் நிற்கும். அப்போதாவது யாராவது உற்பத்தியைக் குறைக்க வேண்டும் அல்லவா? குறைக்க மாட்டார்கள். ஏனென்றால் அப்போது மத்திய மின்நிலையங்களுக்கு ஊக்கத்தொகை, மொத்தம் எத்தனை யூனிட் மின்சாரம் உற்பத்தி என்பதைப் பொறுத்து இருந்தது. இரவு இரண்டு மணிக்கு யாருக்கும் வேண்டாத யூனிட்டும் கணக்கில் சேரும். மாநிலங்கள் மாலையில் தங்கள் பங்குக்கு மேல் இழுத்தாலும் பெரிதாகத் தண்டம் கிடையாது. கவர்னர்களாவது வேலை செய்திருக்கலாம். முள் இவ்வளவு அலைந்தால் மின்நிலையத்தின் உற்பத்தியும் கூடவே அலையும் என்று, நாடு முழுக்கப் பல மின்நிலையங்களில் கவர்னரை லிமிட்டர் போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். முள்ளைப் பார்க்க ஆயிரம் பேர், அதன்படி நடந்தால் லாபம் என்று இருந்தவர் ஒருவரும் இல்லை.

பிறகு ஏபிடி (அவைலபிலிட்டி பேஸ்டு டேரிஃப்) என்று ஒரு கட்டண முறை வந்தது. மின்துறைப் பொறியாளர் பானு பூஷண் அதை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர். தென்மண்டலத்தில் 2003 ஜனவரியில் அமலுக்கு வந்தது. முன்கூட்டியே போட்ட அட்டவணையில் இல்லாமல் கூடுதலாக இழுக்கும் அல்லது கொடுக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு விலை. அந்த விலையை எந்த அதிகாரியும் நிர்ணயிக்கவில்லை, அந்தக் கால்மணி நேரத்து ஃப்ரீக்வென்சிதான் நிர்ணயித்தது. ஆரம்பத்தில் 50.5-ல் விலை பூஜ்யமாக இருந்தது. முள் இறங்க இறங்க விலை ஏறியது, 49-க்குப் பக்கத்தில் உச்சம். பற்றாக்குறை நேரத்தில் அதிகமாக இழுத்தால் பணம் கரைந்தது, அப்போது உற்பத்தியைக் கூட்டிக் கொடுத்தால் பணம் கொட்டியது. அதற்கு முன் எத்தனையோ சுற்றறிக்கைகள், எத்தனையோ கூட்டங்கள். ஒன்றுக்கும் அசையாத முள், பணம் சேர்ந்ததும் நடுவில் வந்து நின்றது. இரவில் “முள் 50.3-க்கு வந்துவிட்டது, இருபது மெகாவாட் இறக்குங்கள்” என்று போன் வர ஆரம்பித்தபோது எங்கள் ஷிஃப்ட் இன்சார்ஜ் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

இங்கேயே நிறுத்தினால் அழகான கதை. நிறுத்த முடியாது.

இந்த விலை ஒழுங்குக்காக வந்தது. மெல்ல மெல்ல அது ஒரு சந்தை ஆகிவிட்டது. முள் நன்றாக இருக்கும்போது விலை மலிவு, அப்போது அட்டவணைக்கு மேல் இழுப்பது லாபம். சரியாகத் திட்டம் போட்டு முன்கூட்டியே மின்சாரம் வாங்குவதைவிட, முள்ளைப் பார்த்து இழுப்பது சில மாநிலங்களுக்கு வசதியாக இருந்தது. 2012 ஜூலை 30 அதிகாலை வடக்கு கிரிட் விழுந்தது. மறுநாள் மதியம் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் விழுந்தன. அறுபது கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதி இருண்டது. ரயில்கள் நடுவழியில் நின்றன, சுரங்கத் தொழிலாளர்கள் உள்ளேயே சிக்கினார்கள்.

விழுவதற்குச் சற்று முன் முள் எங்கே இருந்தது தெரியுமா? முதல் நாள் 49.7-க்கு அருகில், இரண்டாம் நாள் 49.8-க்கு அருகில். நல்ல எண்கள்தான், பழைய நாளில் எங்களுக்கு அது கிடைத்திருந்தால் லட்டு கொடுத்திருப்போம்.

ஃப்ரீக்வென்சி முள் சொல்வது மொத்த உற்பத்தியும் மொத்தத் தேவையும் சமமா என்பதை மட்டும். மேற்கிலிருந்து வடக்குக்கு மின்சாரம் எந்த வழியில் போகிறது, அந்த வழி தாங்குமா என்று அதற்குத் தெரியாது. பல லைன்கள் வேலைக்காக நிறுத்தப்பட்டிருந்தன, பீனா–குவாலியர் 400 கிலோவோல்ட் லைன் தாங்கமுடியாத சுமையோடு ஓடியது. வட மாநிலங்கள் பங்குக்கு மேல் இழுத்துக்கொண்டிருந்தன. “குறையுங்கள்” என்று டெஸ்பாட்ச் சென்டர் போனில் கெஞ்சியது, முள்ளோ “மலிவுதான், இழு” என்றது. யார் பேச்சைக் கேட்பார்கள்? கடைசியில் அந்த லைன் சுமையைப் பார்த்த பாதுகாப்பு ரிலே அதை ஃபால்ட் (பழுது) என்று எடுத்துக்கொண்டு லைனைத் துண்டித்தது. சுமை பக்கத்து லைன்களுக்குத் தாவியது, அவையும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன.

நாம் அன்றைக்கு ஏன் தப்பினோம் என்றும் கேட்பீர்கள். தென்மண்டலம் அப்போது மற்ற கிரிட்டோடு ஒரே தாளத்தில் இணையவில்லை, நேர்மின்சார (டிசி) இணைப்புகள் வழியாக மட்டும்தான் தொடர்பு. 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் மூலம் நாமும் இணைந்தோம். 2014 பிப்ரவரியில் விதிகளும் மாறின. முள் எங்கே இருந்தாலும் அட்டவணையிலிருந்து இவ்வளவுக்கு மேல் விலகக் கூடாது என்று எல்லை வைத்தார்கள். ஒரே முள்ளை நம்பிய முறைக்குப் பக்கத்தில் இன்னொரு கணக்கு. டிரம்முக்கு த்ரீ எலிமென்ட் வந்த மாதிரிதான்.

உங்கள் கிரைண்டருக்கு வருவோம். ஒரு கிரைண்டரால் முள் அசைவது எந்தக் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் ஏப்ரல் மாத இரவில் ஊரே ஏசி போடும்போது நன்றாகத் தெரியும்.

கேள்வி: மேல்நிலைத் தொட்டிக்கு ஆட்டோமேட்டிக் வாட்டர் லெவல் கன்ட்ரோலர் பொருத்தினோம். மோட்டார் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஓடுகிறது, நிற்கிறது, ஓடுகிறது. பொருத்தியவரைக் கேட்டால் ‘ஆட்டோமேட்டிக் அப்படித்தான்’ என்கிறார். உங்கள் ஃபீட்பேக் இதற்கு உதவுமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: அப்படித்தான் இல்லை. தொட்டிக்குள் மோட்டாரை ஸ்டார்ட் பண்ணும் சென்சாரும் நிறுத்தும் சென்சாரும் ஒரு சாண் இடைவெளியில் தொங்கும், மூடியைத் திறந்து பாருங்கள். வீட்டில் இரண்டு வாளி பிடித்தாலே ‘காலி’, உடனே ‘ஃபுல்’. கீழ் சென்சாரை அரைத் தொட்டிக்கும் கீழே இறக்குங்கள். அதனால் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு முறை ஓடினால் போதும். மோட்டார் கிளம்பும்போது வழக்கமாக ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரன்ட் இழுக்கும், அடிக்கடி கிளம்பினால் கபாசிட்டர் போகும், அப்புறம் மோட்டாரின் காயிலும் போகும்.

இன்னொன்று. குழாயிலிருந்து விழும் தண்ணீர் சென்சார் மேலேயே விழுந்தால் அலை அடித்து முன்னும் பின்னும் தப்பான செய்தி போகும். பக்கத்தில் துளை போட்ட பிவிசி பைப் ஒன்றை நட்டு, சென்சாரை அதற்குள் விடுங்கள். உள்ளே தண்ணீர் அலையாமல் நிற்கும். எங்கள் பிளான்டில் தொட்டிகளுக்கு இதையேதான் செய்வோம், பைப் மட்டும் கொஞ்சம் பெரியது. கீழே சம்ப்பிலும் ஒரு சென்சார் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சம்ப் காய்ந்த பிறகும் மோட்டார் சும்மா ஓடும். இவ்வளவும் செய்து அடங்கவில்லை என்றால் ஒயர் ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கியிருக்கும். பொருத்தியவரை விட்டுவிட்டு ஒரு நல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.